சொன்னபடி கேளாத மனிதர்கள்

இலங்கையின் கிழக்குக் கரையில் தம் முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் ஒரு திறந்த மடல்

சாகாமம்

அன்புக்குரிய பிள்ளைகளுக்கு,

 

மருதமுனை தொடங்கிப் பொத்துவில் ஈறாக உள்ள நம் ஊர்களில், கவிதை எழுதுவோருக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. நீலாவணனும், நுஃமானும், சண்முகம் சிவலிங்கமும், சோலைக்கிளியும், அனாரும் பிறந்து எழுதிய கரை இது. நாவல் எழுதத் துணிந்தவர்களோ அவ்வளவு பேர் இல்லை. ஆகவே உங்களில் சிலர் கொப்பிகளை வாங்கி அத்தியாயங்களை எழுதி நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல. அந்தக் கொப்பிகளோடு என்னைக் காணவந்தவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியையே வெவ்வேறு வார்த்தைகளில் கேட்டார்கள். எழுதுகிறவன் தன் மூளையிலிருந்து உண்டாக்கிய ஒரு பாத்திரம் அவனுடைய கட்டளையை மீறி அவனையே திகைக்க வைக்கும் என்று பெரிய எழுத்தாளர்கள் சொல்கிறார்களே, அது மெய்தானா, அல்லது மேடைகளில் தம்மைச் சுற்றி ஒரு மாய ஒளியை உண்டுபண்ணிக்கொள்வதற்காக அவர்கள் பூணும் பாவனையா என்பதே அக்கேள்வி. தனித்தனியே பதில் சொல்வதைவிட எல்லாருக்கும் பொதுவாக எழுதிவிடுவது உசிதம் என்று தோன்றியது.

முதலில் ஒரு சங்கடத்தை ஒதுக்கி வைத்துவிடுகிறேன். நாவலாசிரியனைச் சிருஷ்டிகர்த்தா என்று அழைக்க நம் வீடுகளில் மூத்தவர்கள் கூசுவார்கள். படைத்தவன் ஒருவனே என்ற விசுவாசத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூச்சம் நியாயமானது. வாழ்க்கை முழுவதும் அந்தக் கூச்சத்தோடு எழுதினாலும் நாவலுக்கு நஷ்டம் ஏதும் இல்லை, லாபமே உண்டு என்பது என் அபிப்பிராயம். தன்னைக் கர்த்தாவாக எண்ணிக்கொள்பவன் பாத்திரங்களுக்கு ஆணையிடுவான். தான் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே கையில் வைத்திருக்கும் சாதாரண அடியான் என்று எண்ணுபவன் அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று கவனித்திருப்பான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த அனுபவத்துக்கு உலக இலக்கியத்தில் கிடைக்கும் மிகத் தெளிவான சாட்சியம் டால்ஸ்டாயினுடையது. 1876ஆம் ஆண்டு, 'அன்னா கரீனினா' பத்திரிகையில் பகுதி பகுதியாக வெளிவந்துகொண்டிருந்த காலத்தில், தம் நண்பரும் விமரிசகருமான ஸ்திராகோவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் அவர் ஒரு செய்தியைச் சொல்கிறார். பிள்ளைப்பேற்றுக்குப் பின் அன்னா மரணத்தின் விளிம்பில் கிடக்கிறாள், அவளுடைய கட்டிலருகே அவள் கணவன் கரீனினும் காதலன் விரான்ஸ்கியும் சந்திக்கிறார்கள், கணவன் மன்னிக்கிறான். அந்த மன்னிப்பின் முன்னே, அதுவரை கம்பீரமாக நடமாடிய விரான்ஸ்கி சிறுத்துப்போய் வீடு திரும்புகிறான். இந்த அத்தியாயத்தை டால்ஸ்டாய் முன்னரே எழுதி முடித்திருந்தார். பிறகு அதைத் திருத்தலாம் என்று உட்கார்ந்தபோது, தாம் சற்றும் எதிர்பாராத விதமாக, ஆயினும் சந்தேகத்துக்கு இடமே இல்லாமல், விரான்ஸ்கி தன்னைத் தானே சுட்டுக்கொண்டான் என்றும், பின்னால் வரப்போகும் கதைக்கு அது இன்றியமையாததாக அமைந்துவிட்டது என்றும் அவர் எழுதுகிறார்.

இந்தச் சாட்சியத்தைப் பலரும் எடுத்துச் சொல்வதுண்டு. ஆனால் அதில் அடங்கியுள்ள ஒரு சிறு விவரத்தை அவர்கள் கவனிப்பதில்லை. ஆச்சரியம் நிகழ்ந்தது முதல் எழுத்தின் ஆவேசத்தில் அன்று, திருத்தும்போது. உற்சாகத்தில் பேனா தானாக ஓடிற்று, நான் சும்மா இருந்தேன் என்று சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. டால்ஸ்டாய் அந்த அத்தியாயத்தை ஒருமுறை எழுதிவிட்டார்; விரான்ஸ்கி சுட்டுக்கொள்ளாமல் இருந்த பிரதியும் நன்றாகத்தான் இருந்திருக்கும். மறுபடி வரிவரியாக வாசித்து, அவமானப்பட்டு வீடு திரும்பிய ஒரு ராணுவ உத்தியோகஸ்தன், மானத்தையே தன் உயிராக எண்ணி வளர்ந்தவன், உறக்கமின்றி அந்த அறையில் என்ன செய்வான் என்று பொறுமையோடு பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் துப்பாக்கி கைக்கு வந்தது. அந்தத் துப்பாக்கியை எடுக்கக்கூடிய மனிதனை அதற்கு நூறு பக்கங்களுக்கு முன்பிருந்தே டால்ஸ்டாய் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய கதைத்திட்டம் அதை அறியவில்லை. அவர் எழுதிய பக்கங்கள் அறிந்திருந்தன.

ரஷ்யக் கவிஞர் புஷ்கின் தம்முடைய கதாநாயகி தத்தியானா கல்யாணம் செய்துகொண்டுவிட்டாள் என்று நண்பர் ஒருவரிடம் வியந்து சொன்னதாக ஒரு கதை உண்டு. அன்னாவிடம் நீங்கள் இவ்வளவு குரூரமாக நடந்துகொண்டது ஏன் என்று கேட்ட ஒருவருக்கு டால்ஸ்டாயே அக்கதையைப் பதிலாகச் சொன்னாராம். ஆங்கில நாவலாசிரியர் தாக்கரேயும், தம் பாத்திரங்கள் பேசிய சில பேச்சுகள் தம்மையே வியக்கவைத்ததை 1862இல் ஒரு கட்டுரையில் குறித்திருக்கிறார். அமெரிக்காவில் மார்ஜரி டெய்லர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 50 எழுத்தாளர்களை விசாரித்தபோது, பாத்திரங்கள் தம் இஷ்டப்படி நடக்கும் உணர்வு ஓரளவேனும் தமக்கு உண்டு என்று 92 விழுக்காட்டினர் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியாத தோழர்களோடு பேசி விளையாடும் குழந்தைகளை முன்பே ஆராய்ந்த அம்மையார் டெய்லர் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஆகவே இது வெறும் பாவனை என்று தள்ளிவிட இயலாது.

எதிர்க்கட்சியும் பலமானதே. பாத்திரங்கள் கைமீறிப் போவதைப் பற்றிப் பேசிய ஆங்கில நாவலாசிரியர் ஃபார்ஸ்டரை, ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் எழுதிய நபகோவ் 1967இல் ஒரு பேட்டியில் கேலி செய்து, தம்முடைய பாத்திரங்கள் யாவரும் துடுப்பு வலிக்கும் அடிமைகளே என்று அறிவித்தார். அட்டைகளில் குறிப்பெழுதி, அவற்றைக் கலைத்தும் அடுக்கியும் நாவலைக் கட்டியவர் அவர். அவருடைய ஆணவத்தில் எனக்கு ஒரு ரகசியப் பிரியம் உண்டு என்றாலும், அந்த அட்டைகளைக் கலைக்கத் தூண்டியது யார் என்ற கேள்வி மிஞ்சுகிறது.

நீங்கள் ரஷ்யாவையும் அமெரிக்காவையும் விட்டு நம் வயல் வட்டைக்கு வாருங்கள். சாகாமக் குளத்தின் கீழே வயல் வைத்திருக்கும் போடியார் அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ வீட்டில் இருந்துகொண்டு, இந்தப் போகத்துக்கு இன்ன நெல், இன்ன நாளில் விதைப்பு, இன்ன நாளில் தண்ணீர் கட்டுதல் என்று கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுவார். அவருக்காகச் சேற்றில் நிற்கும் முல்லைக்காரனோ எந்த வரம்பு கசியும், எந்தப் பள்ளத்தில் நீர் தேங்கும், எப்பக்கத்துக் காட்டிலிருந்து யானை இறங்கும் என்பதையெல்லாம் அறிந்தவன். போடியார் சொன்ன நாளில் அவன் விதைக்காவிட்டால் அது பணிவின்மையால் அன்று. நாவலாசிரியன் போடியார், பாத்திரம் முல்லைக்காரன். ஆனால் நாவலில் போடியாரும் முல்லைக்காரனும் ஒரே ஆள் என்பதுதான் விசேஷம்: வீட்டிலிருந்து திட்டம் போட்டவனும் நீங்களே, உங்களை அறியாமல் ஆண்டுக்கணக்காகச் சேற்றில் நின்று கற்றவனும் நீங்களே. பாத்திரம் உங்களை மீறுகிறபோது, நீங்கள் அறிந்திருந்தும் திட்டத்தில் எழுதாமல் விட்ட உண்மை எழுந்து பேசுகிறது. நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இது ஒன்றே.

உதாரணம் காட்டுகிறேன். என்னிடம் வந்த கொப்பிகள் சிலவற்றில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்தது. கணவன் கோபத்தில் மனைவியை வீட்டை விட்டுத் துரத்துகிறான். அவள் கைக்குழந்தையோடு இரவில், மழையில், தெருவில் நிற்கிறாள். வாசிப்பவருக்குக் கண்ணீர் வரத்தான் செய்கிறது. ஆனால் நம் ஊர்களில் வீடு யாருடையது? பெண்பிள்ளை பிறந்த நாளிலிருந்து வாப்பா கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்குவது யாருக்காக? வீடும் வளவும் சீதனமாக மகளுக்குப் போக, மாப்பிள்ளையே அவ்வீட்டுக்கு வந்து குடியேறுவது, தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக, இக்கரையில் தலைமுறை தலைமுறையாக நிலவும் வழமை. தாய்வழிக் குடிமுறையையும் இந்தச் சீதன முறையையும் பற்றி, அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே ஒரு பெரிய நூலே எழுதி 2008இல் வெளியிட்டிருக்கிறார். அந்நியர் ஒருவர் கடல் கடந்து வந்து கண்டெழுதிய செய்தியை, அவ்வீட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தம் நாவலில் மறந்துவிடுகிறார்கள். மழையில் நிற்கும் அந்த மனைவி நம்மூர்ப் பெண் அல்லள்; எங்கோ பார்த்த சினிமாவிலிருந்தும் தொலைக்காட்சித் தொடரிலிருந்தும் வந்து சேர்ந்தவள்.

இப்போது அந்தப் பெண்ணை அவளுடைய சொந்த வீட்டில் நிறுத்திப் பாருங்கள். பின்னறையில் உம்மா இருக்கிறார், அடுத்த வளவில் ராத்தா, அதற்கப்பால் சாச்சி. கணவன் கத்துகிறான், வெளியே போ என்கிறான். எழுதுகிற நீங்கள் அவளை வெளியே அனுப்ப ஆயத்தமாகப் பேனாவைப் பிடித்திருக்கிறீர்கள். அவள் போகமாட்டாள். அவனுடைய சாரத்தையும் சேட்டையும் மடித்து விறாந்தையில் வைத்துவிட்டு, "இது எங்கட உம்மா எனக்குத் தந்த வீடு, நீங்க உங்கட உம்மாட்ட போங்க" என்று குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். மழையில் நிற்பவன் அவன். அவன் போய்ச் சேரவேண்டிய தாய்வீடோ இதற்குள் அவனுடைய தங்கையின் சீதனமாகிவிட்டது. அங்கே மச்சானுக்கு முன்னால் எப்படிப் போய் நிற்பான்? பெண்ணின் துயரத்தை எழுதப் புறப்பட்டவர், எங்கும் சொந்தக் கூரை இல்லாத ஓர் ஆணின் கதையில் வந்து நிற்கிறார். இதனால் நம் பெண்களுக்குத் துயரமில்லை என்று அர்த்தமாகாது. அந்த வீட்டுக்காகப் பட்ட கடனும், வீடு கட்டி முடியாததால் கழிந்துபோகும் வயதும், வீட்டைப் பெற்றவள் அந்த வீட்டுக்குள்ளேயே அடைபடுவதும் உண்டு. அவள் துயரம் வேறு வாசலில் இருக்கிறது என்பதை அந்தப் பாத்திரமே உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும், அவளைத் தெருவில் தள்ளாமல் நீங்கள் பொறுத்திருந்தால்.

தமிழில் இந்த விஷயத்தை ஆராய விரும்புவோர் ஜெயகாந்தனிடம் போகவேண்டும். 1966இல் ஆனந்த விகடனில் அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதை வெளிவந்தது. மழை பெய்யும் மாலையில் காரில் ஏற்றிச்செல்லப்பட்டுக் கெடுக்கப்பட்டுத் திரும்பும் கல்லூரி மாணவியை, விதவையான தாய் முதலில் அலறி, பின் தன்னை அடக்கிக்கொண்டு, தலையில் தண்ணீரை ஊற்றித் தூய்மையானவள் என்று ஏற்றுக்கொள்கிறாள். தமிழ்நாடு முழுவதும் அதைப்பற்றி வாதப்பிரதிவாதம் மூண்டது. அதன் பின்னர் அவர் செய்ததுதான் நமக்கு முக்கியம். அந்தத் தாய் அவ்வாறு செய்யாமல், தெருவே கேட்கும்படி கூக்குரலிட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு, 'காலங்கள் மாறும்' என்ற பெயரில் தினமணி கதிரில் தொடராக எழுதி, 1970இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலாக வெளியிட்டார். 1972இல் அதற்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தது.

ஒரேயொரு பாத்திரம் ஒரேயொரு நிமிஷத்தில் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றிவிட்டு, மற்றவற்றைத் தம் போக்கில் போகவிட்ட பரீட்சை அது. சிறுகதையில் பெயர் சொல்லப்படாமல் மன்னிக்கப்பட்ட பேதைப்பெண், நாவலில் கங்காவாகி, வீட்டை விட்டு விரட்டப்பட்டு, மாமாவின் தயவில் படித்து, உத்தியோகம் பார்த்து, தன்னைக் கெடுத்தவனையே தேடிப்பிடித்து அவனோடு விசித்திரமான ஒரு சிநேகத்தை வளர்த்துக்கொள்கிறாள். அந்த நாவலுக்குள்ளேயே ஆர்.கே.வி. என்ற எழுத்தாளன் 'அக்கினிப் பிரவேசம்' என்ற கதையை எழுதியிருக்கிறான். அதைக் கங்கா வாசிக்கிறாள். தன் வாழ்வைக் கருணையோடு எழுதிய கதையை, அக்கருணை கிடைக்கப்பெறாத பெண் வாசித்து எடைபோடுகிறாள்! ஆசிரியனை அவனுடைய பாத்திரம் விசாரணைக்கு நிறுத்திய இத்தகைய இடம் தமிழ் நாவலில் வேறொன்று எனக்குத் தோன்றவில்லை. அங்கும் அவள் ஓயவில்லை. 1978இல் 'கங்கை எங்கே போகிறாள்' என்று மூன்றாவது நூலையும் எழுதவைத்தாள். அத்தலைப்பே ஆசிரியர் தம் பாத்திரத்தைப் பின்தொடர்ந்து போய்க் கேட்கும் கேள்வி போலத்தான் எனக்குப் படுகிறது. கடைசி நூல் முதலிரண்டுக்கு நிகரன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்தொடர்ந்து போகும் ஆசிரியனுக்கும் களைப்பு வருமல்லவா?

நம் நாட்டின் முதல் தமிழ் நாவலை 1885இல் எழுதியவர் கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை என்பதையும், அந்த 'அசன்பே சரித்திரம்' இலங்கையில் நடக்காமல் எகிப்தாகிய மிசிறிலும் இந்தியாவிலும் நடப்பதையும் நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அசன் நல்லவன், வீரன், கல்வியாளன். எந்த ஓர் இடத்திலும் தன்னை எழுதியவரை அவன் மீறவில்லை. முன்னோடியிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமாகாது. முஸ்லிம் சமூகம் கல்வியில் எழவேண்டும் என்று உழைத்த ஒரு பெரியாருக்கு முன்மாதிரியான மனிதன் ஒருவன் தேவைப்பட்டான். நூறாண்டு கழித்து, 1988இல், தோப்பில் முஹம்மது மீரான் தென்குமரிக் கரையை வைத்து 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை எழுதியபோது, ஊரை ஆட்டிப்படைக்கும் வடக்கு வீட்டு முதலாளி வெறும் வில்லனாக முடிந்துபோகவில்லை. கண்டனம் செய்யத் தொடங்கிய பேனா அவருடைய வீழ்ச்சியின்போது இரக்கத்தில் நனைகிறது. வாசகனாகிய நானும் அங்கே கட்சி மாறினேன். நம் பக்கத்திலேயே, சாய்ந்தமருது ஆர்.எம். நௌஸாத்தின் 'நட்டுமை'யும், அக்கரைப்பற்றுக் கோளாவில் மண்ணிலிருந்து புறப்பட்ட விமல் குழந்தைவேலின் 'வெள்ளாவி', 'கசகறணம்' இரண்டும் இருக்கின்றன. அவற்றில் மனிதர்கள் நம்முடைய பேச்சைப் பேசுகிறார்கள். உரைநடைத் தமிழில் ஆசிரியன் சொன்னபடி கேட்கும் பாத்திரம், தன் ஊர்ப்பேச்சில் வாய் திறந்தவுடன் முரண்டு பிடிக்கத் தொடங்கும் என்பதை அந்நூல்களில் கண்டுகொள்ளலாம். உங்கள் பாத்திரம் அசையாமல் கிடந்தால் அதை ஒரு நாள் சந்தையில் மீன் விலை பேசவிட்டுப் பாருங்கள்.

போலி ஆச்சரியங்களும் உண்டு, அவை அபாயமானவை. அத்தியாயம் சப்பென்று இருக்கிறதே என்று ஒருவரைக் கொன்றுபோடுவது, நல்லவனைத் திடீரென்று துரோகியாக்குவது, பத்திரிகை வாசகர்களுக்காக அடுத்த வாரத் திடுக்கிடலைத் தயாரிப்பது முதலியவற்றைப் பாத்திரத்தின் சுதந்திரம் என்று சொல்லிக்கொள்வது ஏமாற்று. இதற்குச் சோதனை எளிது. அவ்வாறு நிகழ்ந்தபின் பின்னோக்கிப் போய் முதல் அத்தியாயங்களை வாசியுங்கள். வித்து அங்கே இருக்கவேண்டும், நீங்கள் விதைத்த ஞாபகம் இல்லாவிட்டாலும். இல்லையென்றால், மீறியது பாத்திரமல்ல, உங்கள் சலிப்பு.

இன்னொரு போலி நம் கரைக்கே உரியது. அதைச் சொல்லாமல் இம்மடலை முடிக்க மனம் ஒப்பவில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்தும், விசேஷமாக 1990இலும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நிகழ்ந்த பயங்கரங்களைப் பற்றி எழுதும்போது, உங்களில் பலர் மிகுந்த நல்லெண்ணத்தோடு, பங்கீட்டுக் கடையில் அளந்து கொடுப்பதுபோல அச்சமூகத்துக்கு ஒரு நல்லவர், இச்சமூகத்துக்கு ஒரு நல்லவர், அங்கே ஒரு கெட்டவர், இங்கே ஒரு கெட்டவர் என்று பகிர்ந்துவிடுகிறீர்கள். யாருடைய மனத்தையும் நோகடிக்கலாகாது என்ற உங்கள் அச்சம் எனக்கு விளங்குகிறது. நாளை அதே சந்தையில் அதே முகங்களைப் பார்க்கவேண்டியவர்கள் நாம். ஆனால் அப்படி அளக்கப்பட்ட மனிதர்கள் ஒருபோதும் உங்களைத் திகைக்க வைக்கமாட்டார்கள். அயலவனைத் தன் வீட்டில் ஒளித்துவைத்து உயிரைக் காத்தவன், அதே வாரத்தில் ஊரைவிட்டு ஓடிப்போன வேறொருவனுடைய மாட்டைத் தன் பட்டியில் சேர்த்துக்கொள்ளவும் கூடும். காப்பாற்றப்பட்டவன் அந்த மாட்டை அடையாளம் கண்டும் வாய் திறக்காமல் இருந்திருக்கவும் கூடும். அந்த மௌனத்தை நீங்கள் திட்டமிட்டு எழுத முடியாது. அந்த இருவரையும் ஒரே விறாந்தையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அவர்கள் பேசாமல் இருப்பதை எழுதத்தான் முடியும்.

ஒரு காரியம் செய்யுங்கள். எழுதத் தொடங்குமுன் கதைத்திட்டத்தை ஒரு தாளில் எழுதி, திகதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் அதிலிருந்து விலகிய இடங்களில் பழைய பக்கங்களைக் கிழித்துப் போடாதீர்கள். பெரும்போக வெட்டு முடிந்து களம் ஓய்ந்த பிறகு, வசதியானவர்கள் அந்தத் தாளையும் கொப்பிகளையும் சேர்த்துக்கொண்டு இங்கே வாருங்கள். அவள் ஏன் வீட்டைவிட்டுப் போக மறுத்தாள், அவன் ஏன் மாட்டைப் பற்றிக் கேட்கவில்லை என்று இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துப் பேசலாம். மழைக்காலம் நீண்டுவிட்டால் பாதை சேறாயிருக்கும். மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் அவதானமாக வரவும்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
ஓய்வுபெற்ற ஆசிரியன் ஒருவன்